ஸ்க்ராட்ச் வீடியோ சென்சிங்: பிள்ளைகளுக்கு அனிமேஷன் சொல்லிக்கொடுக்க எப்படி இருக்கிறது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அனிமேஷன் புரோகிராமிங் ஆரம்பித்து வைக்க நினைக்கிறீர்கள், ஆரோ கீயை அமுக்கினால் பூனை நடக்கிறது, க்ளிக் செய்தால் பந்து குதிக்கிறது என்ற அளவுக்கு அது பழகிவிட்டது என்றால், அடுத்து தாராளமாகத் தொடலாம் ஸ்க்ராட்ச்சில் இருக்கிற வீடியோ சென்சிங் எக்ஸ்டென்ஷனை, அதாவது கேமரா முன்னால் நாம் அசைவதை வைத்து ஆட்டத்தை நடத்துகிற கூடுதல் வசதியை. காசு கிடையாது. லேப்டாப்பில் உள்ள கேமராவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் அறையின் வெளிச்சத்தைக் கவனிக்காமல் உட்கார்ந்தால் முதல் நாளே எதுவும் சரியாக ஓடாது, பிள்ளை வெறுத்துப்போய் எழுந்துவிடும். இந்த விமர்சனத்தில் பாதி வெளிச்சத்தைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிறவர்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து வருவார்கள், முதுநகரிலிருந்து வருவார்கள், அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவருவார்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ பன்னிரண்டாவதில் அரசு கொடுத்த லேப்டாப்தான் நிறைய. அதனால் நான் சொல்வதெல்லாம் பழைய மெஷினில், சாதாரண கேமராவில், மின்விசிறி சுற்றுகிற அறையில் பார்த்தது.

ஸ்க்ராட்ச் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எம்ஐடி மீடியா லேப்பில் மிட்செல் ரெஸ்னிக் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது, கோடு எழுதாமல் பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டி புரோகிராம் செய்யலாம். கேமரா வசதி 2013-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதைத் தனி எக்ஸ்டென்ஷனாகப் பிரித்துவிட்டார்கள். திரையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அமுக்கி, வீடியோ சென்சிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரௌசர் கேட்கும்போது கேமராவுக்கு அனுமதி கொடுத்தால் மேடையின் (உருவங்கள் ஆடுகிற திரைப்பகுதி) பின்னணியில் உங்கள் முகம் பாதி மங்கலாகத் தெரியும். அவ்வளவுதான் செட்டப்.

புதிதாகக் கிடைப்பது நான்கே பிளாக்குகள். அசைவு இவ்வளவுக்கு மேல் போனால் ஆரம்பி என்பது ஒன்று. அசைவின் அளவையோ திசையையோ எண்ணாகச் சொல்வது ஒன்று. கேமராவை ஆன், ஆஃப் செய்ய ஒன்று, படம் எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்று வைக்க ஒன்று. நான்குதானா என்று முதலில் தோன்றும். ஆனால் இந்த நான்கு பிளாக்குகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இருக்கே, மற்ற எதிலும் வருவதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேமராவில் யார் இருக்கிறார்கள், கையா தலையா என்பதெல்லாம் இதற்குத் தெரியாது. கேமரா அடுத்தடுத்து எடுக்கிற படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம்; போன பிரேமையும் இந்தப் பிரேமையும் வைத்துப் பார்த்து, எங்கே எவ்வளவு மாறியிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. அளவை 0 முதல் 100 வரையான எண்ணாகத் தருகிறது. மேடை முழுவதற்கும் கேட்கலாம், ஒரு ஸ்ப்ரைட் (பூனை, பந்து மாதிரி மேடையில் ஆடுகிற உருவம்) நிற்கிற இடத்துக்கு மட்டும் கேட்கலாம். நீங்கள் அசையாமல் நின்றால் அதைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லை. ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி கேமரா முன்னால் விறைப்பாக நின்றுகொண்டு, "அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன், இதுக்கு என்னைத் தெரியலையே" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவன் அவள் தோளைத் தட்டினான், எண் எகிறியது, அவளுக்குப் புரிந்துவிட்டது. இதை நான் போர்டில் எழுதி விளக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அதே பெண் செய்ததுதான் கொசு அடிக்கிற ஆட்டம். உள்ளேயே இருக்கிற டுடோரியலில் பூனையைத் தடவுவது, பலூனை உடைப்பது என்று காட்டுகிறார்கள், நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் கடலூர்ப் பிள்ளையிடம் கேட்டால் கொசுதான் வரும். இரண்டு காஸ்ட்யூம் (ஒரே ஸ்ப்ரைட்டுக்கு மாற்றிக் காட்டுகிற படங்கள்), இறக்கை மேலே ஒன்று, கீழே ஒன்று, மாற்றி மாற்றிக் காட்டினால் கொசு பறக்கிறது. எங்கேயாவது ஓரிடத்துக்குச் சறுக்கிப் போகிறது. கொசு இருக்கிற இடத்தில் அசைவு 30-ஐத் தாண்டினால் செத்தது, புள்ளி ஒன்று கூடும். கொசு தானே நகர்கிறதே, அந்த அசைவும் கணக்கில் வராதா என்று உடனே ஒரு சந்தேகம் வரும், எனக்குப் பிடித்த சந்தேகம் அது. வராது. பார்ப்பது கேமராவில் வரும் படத்தை மட்டும்தான், மேடையில் ஸ்ப்ரைட் என்ன ஆட்டம் போட்டாலும் அது கேமராப் படத்தை மாற்றுவதில்லை.

இன்னொன்றும் அதில் தெரிந்தது. கொசுவின் கால், இறக்கையெல்லாம் நீளமாக வரைந்திருந்தாள், கை கொசுவின் உடல் மேல் படாமல் பக்கத்தில் போனாலே செத்துக்கொண்டிருந்தது. காரணம், ஸ்க்ராட்ச் பார்ப்பது உடலை மட்டும் அல்ல, வரைந்த கால், இறக்கை இருக்கிற இடத்தையும் சேர்த்து. கால்களைச் சுருக்கினாள், சரியாகிவிட்டது. ஒரேயடியாகச் சின்னதாக்கினாலும் பிரச்சினை, வீசுகிற கை அந்த இடத்தைக் கடக்கிற நேரமே ரொம்பக் குறைவு என்பதால் தவறிவிடும். உள்ளங்கை அளவுக்கு மேடையில் தெரிந்தால் நன்றாக மாட்டும்.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற ஓர் இடம்: அசைவு இவ்வளவைத் தாண்டினால் ஆரம்பி என்கிற தொப்பி பிளாக், எண் கீழே இருந்து மேலே தாண்டுகிற அந்த நொடியில் ஒருமுறைதான் கிளம்பும். கையை விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் திரும்பக் கிளம்பாது, எண் ஒருமுறை இறங்கி மறுபடி ஏற வேண்டும். விடாமல் நடக்க வேண்டும் என்றால் ஃபாரெவர் (விடாமல் திரும்பத் திரும்பச் செய்) போட்டு அதற்குள் இஃப் (இப்படி இருந்தால் மட்டும் செய்) வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒரே வீச்சில் ஐந்தாறு புள்ளி ஏறும், அதனால் அடி விழுந்ததும் அரை நொடி வெயிட் போட்டுவிடுங்கள்.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன்.

மாடி அறையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும், திரைச்சீலை உள்ளே பறக்கும். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் அந்தத் திரைச்சீலைதான் ஆட்டத்தை ஆடும். மின்விசிறிக்கு மேலே லைட் இருந்தால் இறக்கையின் நிழல் சுவரில் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் அசைவுதான். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் கேமரா ஆட்டோ எக்ஸ்போஷரில் (வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்வதில்) முகத்தை இருட்டாக்கும், ஒருவர் குறுக்கே போனால் படம் முழுவதும் சட்டென்று வெளிறும் அல்லது கறுக்கும், அந்த நொடியில் யாரும் தொடாத ஸ்ப்ரைட்டுகூட அசைவு என்று எண்ணைக் காட்டும். வெளிச்சம் போதாவிட்டால் வேறு விதமான தொல்லை, கேமரா படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும், அந்தப் புள்ளிகள் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் காலி அறையில்கூட எண் பூஜ்யத்துக்கு வராது. அதோடு இருட்டில் கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், நொடிக்கு 30 பிரேம் தருவது பாதியாகக் குறையும், கொசுவை அடித்த பிறகு கொஞ்சம் கழித்துச் சாகும். பிள்ளைகள் இதை லேப்டாப் ஸ்லோ என்பார்கள். லேப்டாப்பில் ஒன்றுமில்லை, ஒரு விளக்கை முன்பக்கம் வைத்தால் போதும்.

ட்யூப்லைட் தனிக் கதை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமராவில் பட்டை பட்டையாக மேலும் கீழும் ஓடும். கேமரா செட்டிங்கில் பவர் லைன் ஃப்ரீக்வென்சி என்று ஒன்று இருக்கும், அது 60-ல் இருந்தால் 50-க்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் மேசைகளைப் போட்டிருக்கிறோம், எல்லோர் முகமும் கிழக்கு ஜன்னலைப் பார்த்து.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், எண்ணைத் திரையில் பார்க்க வேண்டும். அசைவு பிளாக்குக்குப் பக்கத்தில் டிக் போடுகிற கட்டம் கிடையாது. ஒரு வேரியபிள் (எண்ணைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி) உருவாக்கி, அசைவு என்றே பெயர் வைத்து, ஃபாரெவருக்குள் அதில் அந்த எண்ணைப் போட்டுக்கொண்டே இருங்கள். இப்போது எல்லோரும் அசையாமல் நின்று அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்து, எண் இறங்குகிறதா? திரைச்சீலையைக் கட்டு, இன்னும் இறங்குகிறதா? கத்திரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகச் சோதித்தார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு கருவியின் அளவைச் சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு இந்த எக்ஸ்டென்ஷன் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல விஷயம் நடந்தது. கொசு ஆட்டத்தை அந்தப் பெண் ஆன்லைனில் ஷேர் செய்தாள், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிற அவள் மாமா பையன் திறந்து பார்த்தான். அங்கே கொசு எல்லாம் தானாகச் செத்து விழுகிறது. ஷேர் செய்த ப்ராஜெக்டை யார் திறக்கிறார்களோ அவர்களுடைய கேமராதான் ஓடும், அவன் வீட்டு வெளிச்சம் வேறு, மின்விசிறி வேறு. 30 என்பது எங்கள் மாடி அறைக்குப் பொருந்திய எண், அவன் வீட்டுக்கு அல்ல. அதற்கு அவள் செய்த வழி: ஆட்டம் தொடங்குமுன் 'அசையாமல் நில்லுங்கள்' என்று திரையில் எழுத்து வரும், முதல் இரண்டு நொடி சும்மா விட வேண்டும், ஏனென்றால் கேமரா ஆன் ஆனதும் வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ள அதற்கு நேரம் வேண்டும். அடுத்த மூன்று நொடியில் வருகிற எண்களில் பெரியதை எடுத்து வைத்துக்கொண்டு, அதோடு 15 கூட்டி, அதைத் தாண்டினால்தான் அடி என்று வைத்தாள். முத்தியால்பேட்டையிலும் ஓடியது. பெரியவர்கள் செய்கிற சென்சார் வேலையில் கேலிப்ரேஷன் என்பது இதுதான், அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது, தெரிய வேண்டிய அவசரமும் இல்லை.

அனிமேஷன் என்று பார்த்தால் கொசுவைவிடப் பெரிய பாடம் தென்னை மரத்தில் கிடைத்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இங்கே கரையைக் கடந்தபோது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை, இருந்தாலும் புயல் என்றால் வீட்டில் சொல்கிற கதை அதுதான், முந்திரித் தோப்பு சாய்ந்தது, பலா மரம் முறிந்தது என்று. எட்டாவது படிக்கிற ஒருவன், கையை ஆட்டினால் தென்னை வளைய வேண்டும், வேகமாக ஆட்டினால் புயல் மாதிரி வளைய வேண்டும் என்றான். ஆறு காஸ்ட்யூம் வரைந்தான், நேராக நிற்பது முதல் தரையைத் தொடுவது வரை. மேடை முழுவதற்குமான அசைவை 20-ஆல் வகுத்து, ஒன்று கூட்டி, முழு எண்ணாக்கினால் 1 முதல் 6 வரை வரும், அந்த எண்ணுள்ள காஸ்ட்யூமைக் காட்டு. கணக்கு சரிதான், ஆனால் மரம் வளையவில்லை, துடித்தது. ஒன்றாவது படத்திலிருந்து ஐந்தாவதுக்குத் தாவும், உடனே இரண்டாவதுக்கு வரும். அசைவு எண் அப்படித்தான் வரும், பிரேமுக்குப் பிரேம் குதிக்கும்.

தீர்வு ஒரே வரி. காற்று என்று இன்னொரு வேரியபிள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும், அசைவிலிருந்து காற்றைக் கழித்து, வருவதை 5-ஆல் வகுத்து, அதைக் காற்றோடு கூட்டுங்கள். காஸ்ட்யூமைத் தேர்ந்தெடுக்க அசைவை விட்டுவிட்டுக் காற்றைப் பயன்படுத்துங்கள். இப்போது காற்று, அசைவைத் துரத்திக்கொண்டு மெதுவாகப் போகும். கையை ஆட்டத் தொடங்கினால் மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும், நிறுத்தினால் மெல்ல நிமிரும். 5-க்குப் பதில் 15 போட்டால் கனமான மரம், 2 போட்டால் நாணல். இந்தச் சூத்திரம் கேமராவுக்கு மட்டுமானது இல்லை, அனிமேஷனில் எங்கே ஒரு பொருள் இதமாக நகர வேண்டுமோ அங்கேயெல்லாம் இதுதான். அவன் அடுத்த நாளே மவுஸைத் துரத்துகிற மீனுக்கு இதைப் போட்டுக்கொண்டு வந்தான். கேமராவின் இரைச்சல் இல்லாவிட்டால் இந்தத் தேவையே அவனுக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

திசை பிளாக்கைப் பற்றி: மேலே போனால் 0, வலது 90, இடது மைனஸ் 90, கீழே 180, ஸ்க்ராட்ச்சின் வழக்கமான திசை எண்கள்தான். பந்தைத் தள்ளுவது, பட்டம் விடுவது போன்றவற்றுக்குப் பயன்படும். ஆனால் அசைவு குறைவாக இருக்கும்போது வரும் திசையை நம்பாதீர்கள். அளவு ஓரளவு பெரிதாக இருந்தால் மட்டும் திசையை எடுத்துக்கொள் என்று ஓர் இஃப் போட்டுவிடுங்கள். படம் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறித்தான் தெரியும், அதுதான் வேண்டும், மாற்றாதீர்கள், இல்லாவிட்டால் வலது கையைத் தூக்கினால் திரையில் எதிர்ப்பக்கம் தெரிந்து சின்னப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். முகம் தெரிய வெட்கப்படுகிற பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்காக டிரான்ஸ்பரன்சியை 100 வைத்துவிட்டால் படம் தெரியாது, அசைவு மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கேமரா வாங்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஸ்க்ராட்ச் மேடையே 480-க்கு 360-தான். லேப்டாப் கேமரா 720பி இருந்தால் அதுவே தேவைக்கு மேல். 1080பி, 4கே என்று கடையில் காட்டுவதற்குக் காசு கொடுப்பது வீண். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், அல்லது கேமரா கெட்டுப்போன பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் லாஜிடெக் சி270 மாதிரி சாதாரண யுஎஸ்பி வெப்கேம் ஒன்று வாங்கலாம், 720பி, 30 பிரேம், ஃபோகஸ் மாறாது. ஃபோகஸ் மாறாதது இங்கே நல்லதே, ஆட்டோ ஃபோகஸ் தேடித்தேடி மங்கித் தெளியும்போதெல்லாம் அதுவும் அசைவாகப் பதிவாகும். பெயர் தெரியாத மலிவு வெப்கேம் ஒன்றும் எங்களிடம் இருக்கிறது, வெளிச்சத்தில் ஓடுகிறது, மாலையானால் உதவாது. இரண்டு கேமரா இருந்தால் எதை எடுக்க வேண்டும் என்பதை பிரௌசர் செட்டிங்கில் மாற்றுங்கள், ஸ்க்ராட்ச்சுக்குள் தேடாதீர்கள்.

குறைகள் என்றால், நிறத்தைப் பின்தொடர வழியில்லை, கை எங்கே இருக்கிறது என்று எக்ஸ், ஒய் கேட்க முடியாது, இரண்டு பேர் நின்றால் யார் அசைந்தார்கள் என்று பிரித்துச் சொல்லாது. இரண்டு பேர் ஆட்டத்துக்கு மேடையை இடது பாதி, வலது பாதி என்று பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் ஒரு பெரிய ஸ்ப்ரைட்டை வைத்து, அதன் கோஸ்ட் எஃபெக்டை 100 ஆக்கி மறைத்து, அதன் மேல் உள்ள அசைவைக் கேட்கலாம், அது போதுமான அளவுக்கு ஓடுகிறது. பழைய லேப்டாப்பில் நிறைய க்ளோன்கள் (ஒரே ஸ்ப்ரைட்டின் நகல்கள்) ஒவ்வொன்றும் அசைவைக் கேட்டால் திணறும், ஐந்தாறு கொசுவுக்கு மேல் விடாதீர்கள்.

கேமரா என்றதும் படம் எங்கே போகிறது என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கேள்வி. அசைவுக் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே, பிரௌசருக்குள்ளேயே நடக்கிறது, வீடியோ பதிவாவதில்லை, ப்ராஜெக்டோடு சேர்ந்து போவதும் இல்லை. இருந்தாலும் வேலை முடிந்ததும் கேமராவை ஆஃப் செய்கிற பிளாக்கை ஓட்டப் பழக்குங்கள்.

இது புதிய சமாச்சாரமா என்று ஓர் அப்பா கேட்டார். மைரன் க்ரூகர் 1970-களிலேயே வீடியோபிளேஸ் என்று ஆளின் நிழலுருவம் திரையில் உள்ள பொருளோடு விளையாடும்படி செய்தார், 2003-ல் சோனி ஐடாய் கேமராவை பிளேஸ்டேஷன் 2-க்கு விற்றது, அதில் கையை வீசித்தான் ஆட வேண்டும். அன்றைக்குக் கடையில் வாங்கி ஆடியதை இன்றைக்கு ஆறாவது படிக்கிற பிள்ளை தானே செய்துவிடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான், பெரிய வித்தியாசம்.

ஒன்பதாவது படிக்கிறவர்களுக்கு இது சீக்கிரம் போதாமல் போகும். அவர்களை நான் பி5.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டில் கோடு எழுதிப் படம் வரைய, அசைக்க உதவுவது) பக்கம் அனுப்புகிறேன், அதுவும் இலவசம், பிரௌசரிலேயே எழுதலாம். அங்கே அசைவு என்று ரெடிமேட் பிளாக் கிடையாது, 640-க்கு 480 படம் என்றால் 3,07,200 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் நான்கு எண், போன பிரேமை நீங்களே எடுத்து வைத்து, நீங்களே கழித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ராட்ச்சில் வாசல் எண்ணை (எதைத் தாண்டினால் அடி என்கிற அந்த எண்ணை) பிடித்து, இரைச்சலைக் குறைத்துப் பழகிய பிள்ளைக்கு அது பயமுறுத்தாது. நேராக பைதான் மொழியும், கேமராப் படத்தை ஆராய்கிற ஓப்பன்சிவியும் என்று ஆரம்பிக்கிற கோச்சிங் இடங்களைப் பார்க்கிறேன், இன்ஸ்டால் செய்வதிலேயே முதல் இரண்டு வகுப்பு போய்விடுகிறது, பிள்ளை இன்னும் ஒரு பொருளைக்கூட அசைத்திருக்காது. அதற்கு முன்னால் இரண்டு வாரம் இதைக் கொடுங்கள்.

இன்டர்நெட் நம்ப முடியாத வீடு என்றால் ஸ்க்ராட்ச் ஆப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ சென்சிங் ஆஃப்லைனிலும் ஓடும். விண்டோஸ் செட்டிங்கில் ஆப்களுக்குக் கேமரா அனுமதி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது ஆஃபில் இருந்தால் பிள்ளைகள் கேமராவே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.